எட்டுப் பேரில் தொடங்கிய சபை
(ஒங்கோல் பாப்டிஸ்ட் திருச்சபையின் ஆரம்ப காலம்)

பழைய மாணவர் சங்கச் செயலாளர் போன் செய்து, "மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், வரலாற்றுத் துறைக்காரர் நீங்கள்" என்றபோது, பேராசிரியர்களைப் பற்றியும் விடுதி நாட்களைப் பற்றியும் எழுதத்தான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு பழைய கடனைத் தீர்க்க ஆசைப்படுகிறேன்.

எங்கள் காலத்தில் விடுதியில் ஒங்கோல் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, அவன் மட்டும் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவான். ஒரு நாள் மெஸ்ஸில் சோறு பரிமாறும்போது ஒருவன், "இவனுக்கு நிறையப் போடுங்கண்ணே, இவங்க தாத்தா அரிசிக்காகத்தான் வேதத்துல சேர்ந்தாராம்" என்று சொன்னான். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

பல வருஷம் கழித்து ஒங்கோல் சபையின் ஆரம்ப வரலாற்றைப் படிக்க வாய்ப்புக் கிடைத்தது. அன்றைக்கு நாங்கள் எவ்வளவு பெரிய பொய்யைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்லப்போகிறேன்.

ஒற்றை நட்சத்திரம்

ஒங்கோல் சென்னைக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டரில் உள்ள ஊர். இன்று ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத் தலைநகர். 1946-47-ல் சென்னை மாகாண முதல்வராக இருந்த டங்குடூரி பிரகாசத்தின் பெயரில் அமைந்த மாவட்டம் இது. நம் கதை நடக்கும் காலத்தில் இதெல்லாம் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பகுதிதான்.

அமெரிக்க பாப்டிஸ்டுகள் 1835-ல் சாமுவேல் டே என்பவரைத் தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்ய அனுப்பினார்கள். அவர் சில காலம் சென்னையில் இருந்துவிட்டு 1840-ல் நெல்லூருக்குப் போனார். வருஷங்கள் ஓடின, பலன் மட்டும் விரல்விட்டு எண்ணும்படிதான். பக்கத்தில் பர்மாவில் அதே சங்கத்தாருக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். "இந்த நெல்லூரை மூடிவிட்டால் என்ன?" என்ற கேள்வி அமெரிக்காவில் திரும்பத் திரும்ப எழுந்தது.

1853-ல் ஆல்பனி நகரில் நடந்த கூட்டத்தில் இது பெரிய விவாதமாயிற்று. வரைபடத்தில் மிஷன் நிலையங்களை நட்சத்திரமாகக் குறித்திருந்தார்கள். பர்மா பக்கம் கொத்துக் கொத்தாக நட்சத்திரங்கள், இந்தப் பக்கம் நெல்லூர் என்று ஒன்றே ஒன்று. ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி "ஒற்றை நட்சத்திரம்" என்றாராம். அமெரிக்க தேசபக்திப் பாடல் ஒன்றை எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஸ்மித் அன்றிரவே அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஒரு கவிதை எழுத, மறுநாள் அது கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. மூடுகிற பேச்சு அதோடு அடங்கியது. ஒரு கவிதையால் ஒரு மிஷன் பிழைத்தது என்று சொன்னால் தமிழ்த் துறை நண்பர்கள் சந்தோஷப்படுவார்கள்!

கடல் கடந்து இந்த விவாதம் நடந்து முடிந்த சில மாதங்களில், 1854 ஜனவரி முதல் தேதி விடியற்காலையில், ஒங்கோல் ஊருக்கு மேலே உள்ள சிறு குன்றில் ஐந்து பேர் ஏறினார்கள். நெல்லூர் மிஷனரி லைமன் ஜூவெட், அவர் மனைவி, நரசு என்ற தெலுங்கு ஊழியர், ஜூலியா, ரூத் என்ற இரண்டு தெலுங்குப் பெண்கள். கீழே ஊரைப் பார்த்தபடி, இந்த இடத்துக்கும் ஒரு ஊழியர் வரவேண்டும் என்று ஜெபித்தார்கள். அந்தக் குன்றுக்கு 'ஜெபக்கூட்டக் குன்று' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஐந்து பேரில் மூன்று பேர் தெலுங்கர்கள் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பல புத்தகங்களில் ஜூவெட் பெயர் மட்டும்தான் பெரிதாக இருக்கும்.

நில அளவைக்காரர் வருகிறார்

ஜெபத்துக்குப் பதில் கிடைக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 1862-ல் உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போன ஜூவெட், "சங்கம் கைவிட்டாலும் நான் திரும்பிப் போவேன்" என்று பிடிவாதமாக நின்றார். அவரோடு 1864 நவம்பரில் கப்பலேறி 1865-ல் வந்து சேர்ந்தவர்தான் ஜான் எவரெட் கிளஃப்.

கிளஃப் 1836-ல் நியூயார்க் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்கு முன்னால் மின்னசோட்டா காட்டுப் பகுதியில் நில அளவை வேலை பார்த்தவர். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1866 செப்டம்பரில் அவர் ஒங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி முதல் தேதி ஒங்கோல் பாப்டிஸ்ட் சபை முறைப்படி அமைக்கப்பட்டது. அங்கத்தினர் எண்ணிக்கை எட்டு. ஆமாம், எட்டே பேர்!

பாப்டிஸ்ட் சபை என்றால் என்ன என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இவர்களிடம் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த வயதில், தானே விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்குத்தான் ஞானஸ்நானம். அதுவும் தலையில் தெளிப்பதல்ல, ஆற்றிலோ குளத்திலோ முழுக்க அமிழ்த்தி எடுப்பது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். ஆகவே அப்பா சேர்ந்தார், பிள்ளை தானாகச் சேர்ந்துவிட்டான் என்கிற பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே "நான் வருகிறேன்" என்று சொல்லவேண்டும்.

தோல் வியாபாரி பேரையா

உண்மையில் இந்தச் சபையை வளர்த்தவர் யார் என்று கேட்டால், நான் கிளஃப் பெயரை இரண்டாவதாகத்தான் சொல்லுவேன். முதல் பெயர் எர்ரகுண்ட்ல பேரையா.

பேரையா, தாள்ளகொண்டப்பாடு என்ற கிராமத்து மாதிகா. மாதிகா என்பது தோல் வேலை செய்யும் தெலுங்கு சாதி. செருப்பு, கலப்பை வார், கிணற்றில் கவலை இறைக்கிற தோல் சால் எல்லாம் இவர்கள் கைவேலைதான். இவர்கள் தைத்த சாலில்தான் ஊர் வயலுக்குத் தண்ணீர் ஏறியது. ஆனால் அதே கிணற்றை இவர்கள் தொடக்கூடாது! செத்த மாட்டைத் தூக்குவது, திருவிழாவுக்குப் பறை அடிப்பது எல்லாம் கட்டாய வேலை. அறுவடைக் காலத்தில் கொஞ்சம் தானியம், அவ்வளவுதான் கூலி.

பேரையா தோல் வியாபாரத்துக்காக வடக்கே வெகுதூரம் போய் வருகிறவர். அதோடு ஆன்மீகத் தாகம் உள்ளவர். யோகப் பயிற்சி செய்தவர், குருவிடம் உபதேசம் பெற்றவர், தானே சிலருக்குக் குருவாக இருந்தவர். "ஒன்றும் தெரியாத ஏழைகள் ஏமாந்து சேர்ந்தார்கள்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். அவர் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த மனிதர். கிறிஸ்தவச் செய்தியையும் வியாபாரப் பயணத்தில் தானே கேட்டறிந்து, தானே தேடி வந்தார். 1866-ல் ஞானஸ்நானம் பெற்று ஊருக்குத் திரும்பி, தான் தோல் வாங்கப் போன கிராமங்களுக்கெல்லாம் இந்தச் செய்தியைக் கொண்டுபோனார்.

1867 ஜனவரியில், சபை அமைந்த மூன்றாவது வாரத்தில், கிளஃப் தாள்ளகொண்டப்பாடுக்குப் போனார். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் சோற்று மூட்டையோடு வந்து காத்திருந்தார்கள். சில நாள் தங்கிப் பேசி, விசாரித்து, கடைசியில் 28 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எட்டுப் பேர் சபை ஒரே வாரத்தில் முப்பத்தாறு ஆனது. இந்த 28 பேரும் பேரையா உழுது வைத்த நிலத்தின் விளைச்சல்.

யாரைச் சேர்ப்பது?

இப்போது ஒரு சிக்கல் வந்தது. ஒங்கோலில் மேல்சாதியினர் சிலரும் கிளஃபிடம் ஆர்வமாக வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாதிகாக்கள் வருகிறார்கள் என்றதும் அவர்கள், "அவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். இளம் மிஷனரிக்கு இது சோதனை. படித்தவர்கள், வசதியுள்ளவர்கள் முதலில் வந்தால் ஊரே பின்னால் வரும் என்பது அன்றைக்குப் பல மிஷன்களின் கணக்கு.

கிளஃப் தன் அறையில் வேதபுத்தகத்தைத் திறந்தபோது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம் கண்ணில் பட்டது. உலகம் இழிவாக எண்ணுகிறவர்களைத்தான் தேவன் தெரிந்துகொண்டார் என்ற பகுதி அது. வேறோர் அறையில் இருந்த அவர் மனைவி ஹாரியட்டும், இவர் எதைப் படித்தார் என்று தெரியாமலே அதே பகுதியைப் படித்திருந்தாராம். இருவரும் பேசி முடிவெடுத்தார்கள்: மாதிகாக்களைத் தள்ளுவதில்லை. மேல்சாதி நண்பர்கள் விலகிப்போனார்கள்.

இதைத் தற்செயல் என்பதும் தெய்வச் செயல் என்பதும் அவரவர் விருப்பம். வரலாற்று மாணவனுக்கு முக்கியம், அந்த முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலை. ஊரில் செல்வாக்கு உள்ளவர்களின் ஆதரவு அன்றோடு போயிற்று.

சேர்ந்தவர்கள் கொடுத்த விலை இதைவிடப் பெரிது. அவர்களுக்குச் சபையில் மூன்று விதிகள் சொல்லப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது. செத்த மாட்டின் இறைச்சி தின்னக்கூடாது. விக்கிரக வணக்கம் கூடாது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் இந்த மூன்றும் கிராம அமைப்பின் அடிமடியிலேயே கை வைத்தன. திருவிழாவுக்குப் பறை அடிக்க ஆள் வரவில்லை என்றால் ஊர்ப் பெரியவர் சும்மா இருப்பாரா? அடி, பொய் வழக்கு, கூலி மறுப்பு, தண்ணீர் மறுப்பு எல்லாம் நடந்தது. அப்படியும் பத்து வருஷத்தில் சபை மூவாயிரத்தைத் தாண்டியது.

தாது வருஷத்துப் பஞ்சம்

1876-78 பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தென்னிந்தியாவில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒங்கோல் பகுதியும் தப்பவில்லை.

சர்க்கார் பஞ்ச நிவாரண வேலையாகக் கால்வாய் வெட்டத் தொடங்கியது. அது வேறெதுவுமில்லை, நம் சென்னையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே, பறக்கும் ரயில் தூண்கள் நடுவில் நிற்கிறதே, அதே பக்கிங்காம் கால்வாய்தான்! அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டதும் இதே பஞ்சத்தில்தான். அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் பக்கம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட இந்த நீர்வழியில் எத்தனை பஞ்சத்துக் கைகள் மண் சுமந்தன என்று யார் கணக்கெடுத்தார்கள்?

சர்க்கார் வேலைத்தளங்களில் ஒரு தொல்லை இருந்தது. மேஸ்திரிகள் மேல்சாதிக்காரர்கள், மாதிகா, மாலா கூலியாட்களை விரட்டினார்கள், ஏமாற்றினார்கள். கிளஃப் ஒரு காரியம் செய்தார். கால்வாயில் சுமார் மூன்றரை மைல் நீளத்தைத் தானே காண்டிராக்ட் எடுத்தார். பழைய நில அளவை வேலை இப்போது கைகொடுத்தது! தன் உபதேசியார்களையே மேற்பார்வையாளர்களாக வைத்தார். ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு கூட்டம் தொழிலாளிகள். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் மண் சுமந்தார்கள். வேலைக்கு ஏற்ற கூலி ஒழுங்காகக் கைக்கு வந்தது. மத்தியான ஓய்வில் உபதேசியார்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள், சுகதுக்கம் விசாரித்தார்கள். பலர் தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மேற்பார்வையாளர் தங்களை மனிதராக நடத்தியதைக் கண்டது அங்கேதான்.

ஒரு சபையின் மதிப்பை எடைபோடும் இடம் இங்கேதான் வருகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் "எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுங்கள்" என்று கேட்டார்கள். கிளஃப் மறுத்துவிட்டார். பஞ்சம் நீடித்த சுமார் பதினைந்து மாதம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கிடையாது! சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு பிற்காலத்தில் வரக்கூடாது என்பதுதான் காரணம். கூலியும் நிவாரணமும் கிறிஸ்தவர், கிறிஸ்தவரல்லாதவர் என்று பாராமல் கிடைத்தன. பெயர் எழுதுவது மட்டும் நின்றது.

கால்வாய் வேலை முடிந்து, மழையும் வந்து, உதவி நின்ற பிறகு கதை முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் ஜனங்கள் மறுபடியும் கூட்டமாக வந்தார்கள். எங்களுக்கு உதவி எதுவும் வேண்டாம் என்றார்கள். உள்ளங்கையில் கால்வாய் வெட்டிய கொப்புளங்களைக் காட்டினார்கள் என்று கிளஃபின் நினைவுகளில் பதிவாகியிருக்கிறது. உழைத்துத்தான் சாப்பிட்டோம், இனியும் உழைப்போம், செத்தாலும் கிறிஸ்தவராகச் சாகவேண்டும் என்பது அவர்கள் வாதம். இதற்குமேல் மறுக்க அவரிடம் பதில் இல்லை.

குண்டலகம்மா ஆற்றங்கரையில்

1878 ஜூலை. ஒங்கோலுக்கு வடக்கே சுமார் பத்து மைல், குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளி. உபதேசியார்கள் தங்கள் பகுதி ஆட்களைக் கூட்டிவந்து ஒவ்வொருவராக விசாரித்துப் பெயர் எழுதினார்கள். ஜூலை 2-ம் தேதி 614 பேர். 3-ம் தேதி 2,222 பேர். 4-ம் தேதி 700 பேர். மூன்று நாளில் ஆக மொத்தம் 3,536.

ஒரே நாளில் 2,222 பேர் என்றதும் என்னவோ கூட்டத்தை ஆற்றில் இறக்கி விட்டதுபோல் சிலர் எழுதினார்கள். அப்படியில்லை. பட்டம் பெற்ற தெலுங்கு ஊழியர்கள் ஆறு பேர். ஒரு நேரத்தில் இரண்டு பேர் தண்ணீரில் நிற்பார்கள், களைத்ததும் அடுத்த இருவர் இறங்குவார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக இறங்கி, தனித்தனியே ஞானஸ்நானம். காலையில் ஆரம்பித்து, வெயிலுக்கு நடுவில் நிறுத்தி, சாயங்காலம் முடித்தார்கள். கணக்குப் பாடத்தில் பலவீனமானவர்கள்கூட வகுத்துப் பார்க்கலாம், சரியாக வரும்.

இன்னொரு விஷயம். அன்றைக்குக் கிளஃப் தன் கையால் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கரையில் நின்று ஏற்பாடுகளைக் கவனித்தார். தண்ணீரில் நின்றவர்கள் தெலுங்கு ஊழியர்கள்தான். சாதிப் படிக்கட்டில் கடைசியில் இருந்த மக்களுக்கு அவர்கள் மண்ணின் மனிதர்களே குருமாராக நின்ற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

அந்த வருஷ முடிவில் சபை பன்னிரண்டாயிரத்தை எட்டியது. சில வருஷங்களில் இருபதாயிரத்தைத் தாண்டி, உலகத்திலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று பேர் வாங்கியது. 1883 வாக்கில் ஒங்கோல் வட்டாரத்தைப் பிரித்துக் கம்பம், வினுகொண்டா, நரசராவுபேட்டை, பாபட்லா என்று தனித்தனி நிலையங்கள் அமைத்தார்கள்.

கிளஃப் 1910-ல் அமெரிக்காவில் காலமானார். அவர் நினைவுகளை இரண்டாவது மனைவி எம்மா எழுதி முடித்து 1914-ல் வெளியிட்டார். மாதிகா மக்களைப் பற்றி அவர் 1899-லேயே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பேரையாவைப் பற்றி நமக்கு இவ்வளவாவது தெரிவதற்கு அந்த அம்மாள்தான் காரணம்.

முடியாத கணக்கு

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வரலாறு அப்படி விடுவதில்லை.

சபை பெரும்பாலும் ஒரே சாதியாரின் சபையாக வளர்ந்ததால், ஊருக்குள் சாதிக் கோடு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தன. ஆசிரியர்களும் நர்சுகளும் உருவானார்கள். கிணறு மட்டும் எட்டாத தூரத்திலேயே நின்றது. 1985 ஜூலையில் இதே பிரகாசம் மாவட்டத்துக் காரம்சேடு கிராமத்தில் மாதிகாக்கள் கொல்லப்பட்ட கொடுமை, குடிதண்ணீர்க் குளத்தில் மாடு கழுவியதை ஒரு மாதிகாப் பெண் தட்டிக் கேட்டதில்தான் ஆரம்பித்தது. பேரையா காலத்துக்கும் அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி.

1950-ம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்த உரிமை விரிவானது, கிறிஸ்தவர்களுக்கு இல்லை. ஆந்திராவில் அவர்கள் பிற்பட்டோரில் 'சி' பிரிவு, ஒரு சதவீத ஒதுக்கீடு. ஊருக்குள்ளே சாதி மாறவில்லை, காகிதத்தில் மட்டும் மாறிவிட்டது! மாதிகாக்களுக்கு உள் ஒதுக்கீடு கேட்டு எழுந்த தண்டோரா இயக்கமும் 1994-ல் இதே மாவட்டத்து ஈதுமூடி கிராமத்தில்தான் பிறந்தது. அந்தக் கோரிக்கைக்கு வழிவிடும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் வழங்கியது. நம் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009-ல் கொடுத்த மூன்று சதவீதமும் அதே வழக்கோடு நிலைபெற்றது. தோல் சால் தைத்த கைகளுக்குள் மொழி எல்லை கிடையாது.

இனி என் கடனுக்கு வருகிறேன். மெஸ்ஸில் நாங்கள் கேலி செய்த நண்பனின் முன்னோர் அரிசிக்குச் சேர்ந்தவர்கள் அல்ல. அரிசி கிடைத்த நாட்களில் அந்தச் சபையின் கதவு மூடியிருந்தது. அரிசி நின்ற பிறகுதான் திறந்தது. அவர்கள் அப்போதுதான் உள்ளே போனார்கள். இந்த ஒரு உண்மை தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் சிரித்திருக்க மாட்டேன். தெரியாமல் சிரித்ததும் தப்புத்தான்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விடுதியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கும். கேலி பேசுமுன் அதை அவனிடமே கேளுங்கள். பரீட்சைக்கு வராத பாடம்தான், ஆனால் வாழ்நாளுக்கு வரும்.

அந்த நண்பன் இந்த வருஷச் சந்திப்புக்கு வருவானா என்று தெரியாது. வந்தால் அவன் பக்கத்து நாற்காலியை எனக்கு விட்டுவிடுங்கள். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாத ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது.